மாதத்துக்கு ஒன்பது

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை களைகட்டிவிடும். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பேரூராட்சி. மலைக்கிராமங்களிலிருந்து வெள்ளாடும் குட்டியுமாக இறங்கி வருவார்கள். ஆடு கைமாறினால் காசு, காசு கைக்கு வந்தால் கடைவீதி. எண்ணெய், பருப்பு, மிளகாய், கருவாடு, துணி சோப்பு, பிள்ளைக்கு நோட்டு. ஆட்டை விற்றவர் ஆண், காசை மடியில் வைத்திருப்பவரும் ஆண். என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் அவர் மனதில்தான் இருக்கிறது. அதில் நாப்கின் இருக்காது. வேண்டாமென்று யாரும் அடித்துவிட்டதில்லை. அதைச் சொல்கிற வாய் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அப்பாவிடம் மகள் எப்படிக் கேட்பாள்? அம்மா கேட்கலாம். அவரோ இத்தனை வருடமும் பழைய புடவையைக் கிழித்தே காலத்தை ஓட்டியவர். நமக்கு ஆனது இவளுக்கு ஆகாதா என்று நினைப்பதில் அவருடைய தப்பு எதுவும் இல்லை.

கடையில் ஆறேழு பேட் உள்ள ஒரு சாதாரணப் பாக்கெட்டின் விலைக்கு ஒரு வேளைக் குழம்புக்கான பருப்பு வந்துவிடும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருவர், அம்மா ஒருவர் என்று மூன்று பேர் உள்ள வீட்டில், மாதத்துக்கு ஏழெட்டுப் பாக்கெட் என்றால் கூலிவேலைக்குப் போகிறவரின் ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே சரியாகப் போய்விடும். மாதவிடாய் வறுமை என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் முதல் முகம் இது. வாங்கக் காசில்லை என்பது பிரச்சினையின் தொடக்கம்தான். கழுவத் தண்ணீர், மாற்ற மறைவிடம், தாழ்ப்பாள் உள்ள கதவு, வலித்தால் ஒரு மாத்திரை, உடம்பில் போதுமான ரத்தம், சந்தேகம் கேட்க ஒரு ஆள் என்று எது இல்லாவிட்டாலும் அதுவும் இந்த வறுமையில்தான் சேரும். 2022 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம், மாதவிடாய் ஆரோக்கியத்தைச் சுத்தம் சார்ந்த விஷயமாக மட்டும் சுருக்காமல் உடல்நலமாகவும் மனித உரிமையாகவும் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

மேலே மூன்று ஊராட்சிகள்

ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு என மூன்று மலை ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று எனச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ் பேசுகிறவர்கள். சாமையும் கேழ்வரகும் விளையும். ஆடு மாடு, தேன், புளி, கடுக்காய், சீத்தாப்பழம் என்று காடும் கொஞ்சம் கொடுக்கும். அது போதாத மாதங்களில் குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சாலையின் கதையைச் சொல்லாமல் இந்த மலையின் எந்த நோயைப் பற்றியும் பேச முடியாது. 2023 மே மாதம், இதே வட்டத்தைச் சேர்ந்த அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. வண்டி போகும் பாதை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் குழந்தை இறந்துபோனது. உடற்கூறாய்வு முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, அந்தத் தாய் தன் பிள்ளையின் உடலைக் கையில் சுமந்துகொண்டே மலையேறினார். படம் நாடு முழுக்கப் பரவிய பிறகு சாலைக்கான கோப்புகள் நகர்ந்தன.

பாம்புக்கடிக்கே அப்படி என்றால், "சிறுநீர் போனால் எரிகிறது", "பத்து நாளாக நிற்கவில்லை", "வெள்ளைப்படுகிறது" என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெண் மலை இறங்குவாள்? அவளை யார் கூட்டிவருவார்கள்? ஒரு நாள் கூலி, இருவருக்கான போக்குவரத்து, போதாததற்குக் கூடவரும் அண்ணனிடம் காரணம் சொல்ல வேண்டிய சங்கடம். அதனால் இந்த நோய்கள் மருத்துவமனைப் பதிவேட்டுக்கு வருவதே இல்லை. வந்தாலும் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்காகப் பெயர் பதியும்போதுதான் வருகின்றன.

புதுயுகத்தின் கணக்கு

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கைகட்டி நின்ற மாநிலம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2011இல் அறிவித்து 2012 மார்ச்சில் தொடங்கிய 'புதுயுகம்' திட்டம், 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு நாப்கினை இலவசமாகக் கொடுத்தது. பிரசவித்த தாய்மாரையும் சிறையில் இருக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் நகரங்களுக்கும் விரிந்தது. அதே காலத்தில் மத்திய அரசின் திட்டம் ஆறு பேட் கொண்ட பாக்கெட்டை 6 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. பள்ளியில் படிப்பவர்களுக்கு ஆசிரியை மூலமும், படிக்காதவர்களுக்கு அங்கன்வாடி மூலமும் கிராம சுகாதாரச் செவிலியர் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரில் அவரை நர்சம்மா என்பார்கள். ஒடுகத்தூரின் மலைப்பள்ளிகளில் படிக்கும் பெண் ஒருத்தி அப்பாவிடம் கேட்காமலேயே ஒரு பேட் வைத்திருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் இந்தத் திட்டம்தான்.

எத்தனை பேட் என்று எண்ணிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். திட்டம் வகுக்கப்பட்டபோது நிர்ணயித்த அளவு, இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அதாவது அறுபது நாளைக்குப் பதினெட்டு. மாதத்துக்கு ஒன்பது.

ஐந்து நாள் உதிரப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பகலுக்கு மூன்று, இரவுக்கு ஒன்று என்று சிக்கனமாகப் போட்டாலும் இருபது வேண்டும். கடைசி இரண்டு நாளை இறுக்கிப் பிடித்தால் பதினைந்து. ஒன்பதை ஐந்தால் வகுத்தால் நாளைக்கு இரண்டுகூடத் தேறவில்லை. ஒரு பேட் அரை நாளைத் தாண்டியும் உடம்பில் இருக்க வேண்டும். அல்லது மூன்றாம் நாளோடு தீர்ந்துபோக வேண்டும். இதில் அக்காவுக்கு இருபது வயது தாண்டியிருந்தால் அவள் திட்டத்தில் இல்லை. அம்மாவும் இல்லை. ஆனால் மூவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். அந்த ஒன்பது யாருக்கெல்லாம் போகும் என்பதை அரசாணையால் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் புள்ளிவிவரம் எப்படி இவ்வளவு அழகாக இருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15–24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 98 சதவீதத்தினர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். நாட்டின் சராசரி 77. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அந்தக் கேள்வி எதைப் பயன்படுத்துகிறாய் என்று மட்டுமே கேட்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பதில் சொல்லலாம். பள்ளிக்குப் போகும்போது பேட், வீட்டில் துணி என்று சொன்னாலும் அவள் சுகாதாரமான பக்கத்தில்தான் சேர்வாள். ஒரு நாளில் எத்தனை முறை மாற்றினாய், எங்கே மாற்றினாய், துணியை எங்கே உலர்த்தினாய் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், அதே ஆய்வில் பாதிப் பெண்கள் இன்னமும் துணியும் வைத்துக்கொள்வதாகவே சொல்லியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒன்பது பேட் கிடைக்கும் மலைப்பெண் அந்த 98க்குள் இருக்கிறாள். அவளுடைய மீதி நாட்கள்தான் அதற்கு வெளியே கிடக்கின்றன.

துணியும் வெயிலும்

துணியே நோய்க்குக் காரணம் என்று பள்ளி விழிப்புணர்வுக் கூட்டங்களில் அடித்துப் பேசுகிறார்கள். துணி வைத்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் என்றுகூடச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது உண்டு. அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ். பயமுறுத்தல் நாப்கின் விற்க உதவும். வாங்க முடியாத வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு குற்றவுணர்ச்சியை மட்டுமே தரும்.

உண்மையில் தெரிந்தது என்ன? ஒடிசாவில் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த 486 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்றின் அறிகுறிகள் அதிகம் என்றது அது. அதே குழுவினர் அடுத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். துணியை வீட்டுக்குள் மறைவாக உலர்த்துவதும், அதை வைக்கிற இடமும், உடம்பைக் கழுவிக்கொள்ள வசதியில்லாததும் பூஞ்சைத் தொற்றோடு சேர்ந்துவந்தன. சோப்பும் தண்ணீரும் நல்ல வெயிலும் இருந்தால் பருத்தித் துணி மோசமான பொருளே இல்லை. நம் பாட்டிமார்கள் அதில்தான் வாழ்ந்தார்கள்.

மலையில் அந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பதுதான் அபூர்வம். ஊற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ குடத்தில் தண்ணீர் சுமப்பவள் அவள்தான். சுமந்த தண்ணீரில் சமையலுக்கும் மாட்டுக்கும் போக மிச்சம்தான் அவளுக்கு. துவைத்ததை முற்றத்துக் கொடியில் விரிக்க முடியாது; யார் கண்ணிலாவது படும். பாவாடைக்கு அடியிலோ, கூரையின் இடுக்கிலோ, ஓலைத்தட்டிக்குப் பின்னாலோ ஒளித்துத்தான் காயவைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மலை முழுக்க ஈரமும் மூட்டமுமாக இருக்கும்போது மேல்துணியே நாள்கணக்கில் காயாது. இடுக்கில் செருகிய துணி எப்படிக் காயும்? அரை ஈரத்தோடு அதையே திரும்ப வைத்துக்கொண்டு காட்டுவேலைக்கு நடந்தால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும். அரிப்பு, நாற்றம், எரிச்சல். உடம்புச் சூடு என்று சொல்லி மோர் குடிக்கச் சொல்வார்கள். வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இயல்பானதும் நோயானதும் கலந்து கிடப்பதால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பதினான்கு வயதுக்காரிக்குத் தெரியாது. சாதாரணமாக வெள்ளையாகக் கசிவதற்குப் பயந்து அழுவாள். துர்நாற்றத்தோடு மஞ்சளாகப் போகும்போது பேசாமல் இருந்துவிடுவாள்.

இன்னொன்று சிறுநீர்த் தொற்று. பள்ளிக் கழிப்பறையின் கதவில் தாழ்ப்பாள் இல்லை அல்லது குழாயில் தண்ணீர் இல்லை என்றால் பெண் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் தீர்வு மிக எளியது. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. ஆசிரியைகள்கூட அப்படித்தான் செய்கிறார்கள். அடக்கி அடக்கி வைத்த சிறுநீரும் அரை நாள் மாற்றாத பேட்டும் சேர்ந்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும்.

ரத்தத்தின் வரவு செலவு

தொற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். என் கணிப்பில், இந்த மலைப்பெண்களை அதைவிட ஆழமாக அரிப்பது ரத்தசோகை. அது நாறாது, அரிக்காது. அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து. ஆக மாதத்துக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வது ஓரிரு மில்லிகிராம்தான். தினசரித் தேய்மானத்துக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். வளரும் பருவத்தில் உடம்பு பெருக்கப் பெருக்க ரத்தமும் கூட வேண்டும். எனவே சாப்பாடு சரியாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கே கணக்கு நூலிழையில்தான் நிற்கும். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சுழற்சி ஒழுங்குக்கு வராது. சிலருக்குப் பத்து நாள் பதினைந்து நாள் என்று போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்கிறது மருத்துவம். பேட்டை எண்ணித்தான் ஒரு பெண் தன் உதிரப்போக்கைக் கணிக்க முடியும். எண்ணுவதற்கே பேட் இல்லாதவளுக்குத் தனக்கு அதிகமாகப் போகிறது என்பதுகூடத் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் உடம்பில் கொக்கிப்புழு ஏறும். அது குடலில் தொற்றிக்கொண்டு தன் பங்குக்கு ரத்தம் குடிக்கும். சாப்பிட்ட கையோடு ஒரு டீ குடிக்கும் பழக்கம் உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. காட்டில் நெல்லிக்காய் விளைகிறது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ஆனால் நெல்லிக்காய் மூட்டைகட்டி விற்பனைக்குப் போகும் சரக்கு.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019–21 ஆய்வில், இந்தியாவின் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். நாப்கினில் 98 எடுத்த அதே மாநிலம், அதே ஆய்வு. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் புரியும்.

இதற்கும் அரசிடம் மருந்து இருக்கிறது. வாரம் ஒரு இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரை. நீல நிறத்தில் வரும் அந்த வார மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுத்துப்போகும். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பயந்துபோன பிள்ளை அடுத்த வாரம் அதை ஜன்னலுக்கு வெளியே எறிவாள். காலையில் எதையாவது சாப்பிட்டிருந்தால்தானே மாத்திரை வயிற்றில் நிற்கும்? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அருமையான திட்டம். அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறிலும் ஏழிலும்தான் பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பவளுக்கு மூன்று வேளையும் கிடைத்துவிடும். நடந்து வந்து படிப்பவளுக்கு, ரத்தம் போகத் தொடங்கும் வயதில் காலைச் சாப்பாடு நின்றுபோகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது தெரியும். ஆனாலும் எழுதும்போதே கை கூசுகிறது.

ரத்தசோகை உள்ளவள் வகுப்பில் தூங்கி வழிவாள், படிக்கட்டில் மூச்சு வாங்குவாள், மண் தின்பாள், சாம்பல் தின்பாள். மந்தம் என்று பெயர் வாங்குவாள். பதினேழிலோ பதினெட்டிலோ கட்டிக்கொடுத்துவிட்டால் அதே ரத்தத்தோடு கர்ப்பமாவாள். குறைந்த எடையில் குழந்தை, பிரசவத்தில் கொஞ்சம் அதிகம் உதிரம் போனாலே உயிருக்கு ஆபத்து. தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது அதே குடும்பநல ஆய்வு. வயதுக்கு வந்தாயிற்று, இனிப் பள்ளிக்கூடம் எதற்கு என்ற பேச்சு எங்கெல்லாம் கேட்கிறதோ அங்கெல்லாம் இந்த எண் சராசரியைவிட உயரும்.

நாப்கின் கொடுத்தால் பள்ளிக்கு வருவார்களா?

மாதவிடாயால் இந்தியாவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் ஆண்டுதோறும் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஒரு கணக்கு மேடைக்கு மேடை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொஞ்சம் உறுதியான சான்று, 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. இந்தியா முழுக்க நடந்த 138 ஆய்வுகளையும் 97,000க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தது அது. வயதுக்கு வருவதற்கு முன் அதைப் பற்றி அறிந்திருந்தவர்கள் பாதிப் பேர்தான். மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர்கள் நான்கில் ஒருவர்.

நேபாளத்தில் பள்ளி மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனையின் முடிவு வேறு மாதிரி. வருகைப் பதிவில் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் இல்லை. முதலிலேயே அந்தப் பெண்கள் மாதவிடாய்க்காக எடுத்த விடுப்பு மிகக் குறைவாக இருந்தது, எடுத்தவர்களுக்கும் வலிதான் முக்கியக் காரணம். வலியைப் பேட் நிறுத்தாது. வெந்நீர் ஒத்தடமோ, நர்சம்மா கொடுக்கும் ஒரு வலி மாத்திரையோ நிறுத்தும். அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாத ஒரு சூழலும் வேண்டும்.

சூழல் என்று சொல்லும்போது நகரத்தார் தலை நிமிர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. 2025 ஏப்ரலில், கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவியை, மாதவிடாய் என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தார்கள். 2018 நவம்பர் கஜா புயலின்போது பட்டுக்கோட்டை அருகே, வயதுக்கு வந்து தனிக் குடிசையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பெண் மேல் தென்னை விழுந்து அவள் உயிரே போனது. மதுரை மாவட்டம் கூவலாபுரம் பகுதியில் மூன்று நாளும் பெண்கள் போய்த் தங்குகிற முட்டுத்துறைக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஜவ்வாது மலையைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு முன் சமவெளி தன் முற்றத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

படிப்பு நின்ற பிறகு

திட்டங்கள் எல்லாம் பள்ளியின் கேட்டோடும் அங்கன்வாடியின் வாசலோடும் கட்டிப்போடப்பட்டவை. குடும்பத்தோடு காப்பித் தோட்டத்துக்கோ கரும்பு வெட்டவோ திருப்பூருக்கோ கிளம்பும் பதினாறு வயதுப் பெண்ணின் பின்னால் புதுயுகம் போவதில்லை. போன இடத்தில் அவள் யாருடைய பட்டியலிலும் இல்லை.

அங்கே நடப்பது என்ன என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலைபார்த்த ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியதில், மாதவிடாய் வலிக்காக வேலை நிற்கக் கூடாதென்று மேற்பார்வையாளர்கள் பெயர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்துவந்தது தெரிந்தது. என்ன மாத்திரை, எத்தனை போடலாம், பின்விளைவு என்ன என்று கேட்டவர்களும் இல்லை, சொன்னவர்களும் இல்லை. இதே பாதையின் கோரமான கடைசி, மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இருக்கிறது. கரும்பு வெட்டும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத வயல்வெளிக் கூடாரத்தில் மாதம்தோறும் தொற்று. தனியார் மருத்துவர் ஒருவர் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்வார். ஆயிரக்கணக்கான பெண்கள், பலர் முப்பதைத் தொடாதவர்கள், எடுத்துக்கொண்டார்கள். 2019இல் விஷயம் பெரிதாகி அரசு விசாரணைக் குழு அமைத்தது.

விலை குறைந்தது, கடை தூரத்தில்

நாப்கினின் விலைப் பிரச்சினையை உலகத்துக்குச் சொன்னவரே ஒரு தமிழர்தான். கோவையின் அருணாசலம் முருகானந்தம், மனைவி கந்தல் துணியை மறைத்துக் கொண்டுபோவதைப் பார்த்துக் காரணம் கேட்டார். நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்பது கிடைத்த பதில். அதிலிருந்துதான் குறைந்த விலை நாப்கின் இயந்திரமும் 2016இல் பத்மஸ்ரீயும் வந்தன. 2018 ஜூலையில் நாப்கின் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். 2019 ஆகஸ்டிலிருந்து மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' பேட் ஒன்று ஒரு ரூபாய். ஒரு ரூபாய்! பாராட்டத்தான் வேண்டும். பீஞ்சமந்தையிலிருந்து அந்த மருந்தகம் இருக்கும் நகரத்துக்கு வந்துபோக எவ்வளவு ஆகும் என்பதையும் அந்த விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குவியும் பேட்டை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மலையில் குப்பை வண்டி வராது. புதைத்தால் நாய் கிளறும். எரித்தால் பிளாஸ்டிக் புகை. எரிப்பது பாவம், அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. ஓடையில் வீசினால் கீழே அதே தண்ணீர்தான். கேரளத்தில் ஆலப்புழையில் பெண்களுக்கு மாதவிடாய்க் கப்பை இலவசமாகக் கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். கும்பளங்கி 2022இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவித்துக்கொண்டது. பல ஆண்டுகள் உழைக்கும் கப், குப்பையும் இல்லை. ஆனால் அதைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் வேண்டும், கல்யாணமாகாத பெண்ணுக்குக் கொடுக்க அம்மாக்களின் தயக்கத்தைத் தாண்ட வேண்டும். பொறுமையாகப் பேச நேரமுள்ள நர்சம்மா இருந்தால் முடியும். குக்கிராமத்துக்குக் குக்கிராமம் நடந்தே போக வேண்டிய ஒருவரிடம் அந்த நேரத்தை எதிர்பார்ப்பதுதான் சிரமம்.

பேட்டா துணியா கப்பா என்று மேலேயிருந்து ஒன்றைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மலைக்குத் தேவைப்படுவது கலவையான ஏற்பாடு. பள்ளி நாளுக்குப் பேட். வீட்டுக்குத் தைத்த, துவைக்கக்கூடிய நல்ல பருத்திப் பட்டைகள். அதை மகளிர் குழுக்களே ஒடுகத்தூரில் தைக்கலாம். கூடவே ஒரு மூடி போட்ட வாளி, மாதம் ஒரு சோப்பு, கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளின் விலை இரண்டு பாக்கெட் நாப்கினைத் தாண்டாது. வாரம் ஒரு நாள் இரும்பு மாத்திரை கொடுக்கும்போதே, போன மாதம் எத்தனை நாள் போனது, எத்தனை மாற்றினாய் என்று இரண்டு கேள்வி கேட்டு எழுதிவைத்தால், பதினைந்து நாள் ரத்தம் போகிறவளை ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவிகளின் மாதவிடாய் சுகாதாரத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே சீரான கொள்கை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஸ்காட்லாந்து 2022 ஆகஸ்டில், தேவைப்படும் எவருக்கும் இலவசம் என்பதைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே வயதும் கேட்பதில்லை, பள்ளியில் இருக்கிறாயா என்றும் கேட்பதில்லை. தமிழ்நாடு புதுயுகத்தை அறிவித்தபோது அதற்குப் போட்ட செலவு ஆண்டுக்குச் சுமார் 44 கோடி ரூபாய். மாதத்துக்கு ஒன்பது என்பதைப் பதினெட்டாக்க, பத்தொன்பது வயது என்ற வரம்பை எடுத்துவிட, மலைக்கிராமங்களுக்கு மட்டும் முதலில் செய்து பார்க்க எவ்வளவு ஆகும் என்று சென்னையில் யாராவது ஒரு தாளில் கூட்டிப் பார்க்கலாம். மூன்று ஊராட்சிகள்தான். பெரிய தாள் தேவைப்படாது.